தெளியாத சாயத் தண்ணீர்

புனே
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி கஜபதிக்கு,

அக்கா துர்கா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. பருப்பில் வெல்லம் போடுகிறார்கள், அது ஒன்றுதான் குறை. விஜிக்கு முழங்கால் வலி குறைந்ததா? படி ஏறாதே என்று சொன்னால் கேட்பவளா அவள்! நீயாவது சொல்.

போன் பண்ணாதே. காதில் மெஷின் மாட்டிக்கொண்டாலும் போனில் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. நீ கத்தினால் உன் தெரு முழுக்க நம் வீட்டுக் கதை தெரிந்துவிடும். மெசேஜ் அனுப்பினாலோ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறாய். கடிதமே எழுது. ரயில்வேயில் யூனியனுக்கு மனு எழுதிப் பழகிய கைதானே.

இங்கே எனக்கு ஒரே ஒரு வேலைதான். நம் ஷெட்டில் செய்த பொடியை இவர்கள் கண் முன்னால் மறுபடி செய்து காட்ட வேண்டும். சாயத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு வெயிலில் வைத்தால் அரை மணியில் நிறம் போய்விடுகிறது, கரண்டும் வேண்டாம், வேறு மருந்தும் வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா? கட்டுரை வெளியான பிறகு மூன்று நாட்டிலிருந்து எழுதிக் கேட்டார்கள், எங்களுக்கு வரவில்லையே என்று. செய்முறையை ஒழுங்காகப் படிக்காமல் செய்திருப்பார்கள். அதனால்தான் இந்த ஆராய்ச்சி நிலையம் என்னை அழைத்து ஒரு குழுவையும் போட்டிருக்கிறது. பெரிய கட்டடம். நம் ஷெட்டைப் போல் இருபது ஷெட் இதற்குள் அடங்கும்.

முதல் முறை செய்தது சரியாக வரவில்லை. உலை புதிது, கை பழக வேண்டும். அடுத்த வாரம் வந்துவிடும்.

ஷெட் சாவி உன்னிடம் இருக்கிறது. சொன்னதையே மறுபடி சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. யாரையும் உள்ளே விடாதே. எதையும் துடைக்காதே. பூ வைப்பது, பொட்டு வைப்பது, சாமி படம் மாட்டுவது எதுவும் கூடாது. நைனா காலத்தில் அது தறி ஓடிய இடமாக இருக்கலாம், இப்போது அது லேப்.

விஜிக்கும் உனக்கும் என் ஆசிகள்.

அக்கா
துர்கா


முருகன் துணை

திருத்தணி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கஜபதி வணக்கத்துடன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். விஜியின் கால் அப்படியேதான் இருக்கிறது. கிருத்திகைக்கு மலைக்குப் போகும்போது படிக்கட்டு வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றேன். "பஸ்ல போனா முருகன் ஏன்னு கேக்கமாட்டாரா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள், ஆனாலும் பஸ்ஸில்தான் வந்தாள். நீ சொன்னதாகச் சொன்னதால் கேட்டாள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஹேமநாதன் வந்திருந்தான். சாயப்பட்டறைக்குப் பின்னால் உன் கணக்குப்படி சிமெண்ட் தொட்டி கட்டி முடித்துவிட்டானாம். சாயத் தண்ணீரைக் கால்வாயில் விடக்கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. தீபாவளிக்குள் வழி பண்ணாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்கிறான். "துர்கா அக்கா பொடி எப்ப வரும்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான். கொண்டு வருவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

மலையிலிருந்து இறங்கின குரங்குகள் ஷெட் ஓட்டின்மேல் ஆடிக்கொண்டிருக்கின்றன. கம்பால் தட்டி விரட்டுகிறேன். ஷெட் பூட்டியே இருக்கிறது. நீ புறப்பட்ட நாளிலிருந்து நான் உள்ளே கால் வைக்கவில்லை.

அடுத்த வாரம் வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். வந்ததா?

உன் தம்பி
கஜபதி


புனே
18 மார்ச் 2025

அன்புள்ள கஜபதிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

வரவில்லை. இதுவரை செய்தது ஒன்றும் வரவில்லை. துத்தநாக உப்பைக் கரைத்து, கலந்து, காய்ச்சி, வண்டலைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையில் வேகவைக்கிறேன். ஷெட்டில் செய்தது எதுவோ அதையே செய்கிறேன். வெள்ளையாக, மைதா மாவைப் போல் அழகான பொடி வருகிறது. சாயத் தண்ணீரில் போட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தால் சாயங்காலம் வரைக்கும் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது. பக்கத்தில் நின்று தேவிப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். காட்பாடிப் பெண். இங்கே ஆராய்ச்சி செய்கிறாள், எனக்கு உதவிக்குப் போட்டிருக்கிறார்கள். அவள் ஒன்றும் கேட்பதில்லை. அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது, பாவம்.

உப்பை மாற்றினேன். சூட்டை ஏற்றினேன், இறக்கினேன். உலைக்குள் காற்று விட்டேன், காற்றை அடைத்தேன். முப்பது வருஷம் அரசாங்க லேபில் இருந்தபோது எத்தனையோ தோற்றிருக்கிறது. அதெல்லாம் வராததை வரவைக்கப் பார்த்துத் தோற்றது. இது வந்தது, கஜபதி. என் கண்ணால் பார்த்தேன். ஹேமநாதன் கொண்டு வந்த கருஞ்சிவப்புத் தண்ணீர் பாட்டிலில் பாதி வெளுத்து, பிறகு முழுக்கத் தெளிந்து, பின்னால் இருந்த ஜன்னல் கம்பி அதன் வழியாகத் தெரிந்தது. நீயும் பார்த்தாய். "தண்ணி குடிக்கலாம்போல கீதே" என்றாய். ஒரு முறை நடந்தது இயற்கையில் இன்னொரு முறை நடந்தே ஆக வேண்டும். நடக்கவில்லை என்றால் நான்தான் எதையோ மாற்றிவிட்டேன். எதை மாற்றினேன் என்று தெரியாமல்தான் பைத்தியம் பிடிக்கிறது.

நேற்று குழுத் தலைவர் என் அறைக்கு வந்தார். டீ வரவழைத்தார். "மேடம், முதல் முடிவுகள் ரொம்ப நன்றாக இருக்கின்றன, அவ்வளவு நன்றாக எப்படி வந்தது என்றுதான் பார்க்கிறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே இன்னொருவரைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். பொய்க் கணக்கு எழுதினாயா என்று அர்த்தம். ஆகஸ்ட் முடிவதற்குள் செய்து காட்டாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அறுபத்திரண்டு வயதில் எனக்கு அந்தப் பெயர்.

ஹேமநாதனிடம் ஒன்றும் சொல்லாதே.

அக்கா


முருகன் துணை

திருத்தணி
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கஜபதி வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விஜி கேட்கச் சொன்னாள். சாப்பிட்டிருக்க மாட்டாய் என்றும் அவளே சொன்னாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு மனசே சரியில்லை. உன்னைப் போய் அப்படிக் கேட்டார்களே. லட்ச ரூபாய் கொடுத்தாலும் பொய் சொல்லத் தெரியாதவள் நீ. நைனா குடித்துவிட்டு வந்த அன்றுகூட அம்மாவிடம் நீதான் உண்மையைச் சொல்லி அடி வாங்கினாய்.

எனக்கு ஒன்று தோன்றியது. தண்ணீராக இருக்குமோ? நம் கிணற்றுத் தண்ணீர் வேறு, அந்த ஊர்த் தண்ணீர் வேறு. ரயில்வே லோகோ ஷெட்டில் என்னோடு வேலை பார்த்த வேதாசலம், மகளைப் பார்க்க அரக்கோணத்திலிருந்து புனேவுக்கு வண்டி ஏறுகிறார். இரண்டு கேன் கிணற்றுத் தண்ணீர் அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மனுஷன் முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு சந்தேகம், அக்கா. படிக்காதவன் கேட்கிறேன் என்று சிரிக்காதே. பொடி செய்கிறபோது அதில் ஏதாவது தூசி, கீசி விழுந்தால் கெட்டுத்தானே போகும்? நல்லதாக ஆகிவிடாது, இல்லையா? சும்மா கேட்டேன்.

வேப்பம்பூ கொட்ட ஆரம்பித்துவிட்டது. விஜி உனக்கென்று காயவைத்திருக்கிறாள்.

உன் தம்பி
கஜபதி


புனே
4 மே 2025

அன்புள்ள கஜபதிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

வேதாசலம் வந்தார். ஒரு கேன் ரயிலிலேயே ஒழுகி, பக்கத்து சீட்டுக்காரரின் படுக்கை நனைந்து, பெரிய சண்டையாம். என்னைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். மிச்சமிருந்த தண்ணீரில் செய்து பார்த்தேன். தண்ணீர் இல்லை. அந்தக் கதவும் மூடியது.

நீ கேட்ட சந்தேகத்துக்கு நான் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அதையே யோசித்தேன். கெட்டுப்போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ரசாயனத்தில் சுத்தமான பொருள் பல நேரம் சும்மாவே கிடக்கும். அதில் ஒரு துளி வேறொன்று கலந்த பிறகுதான் அது வேலை செய்யும். பாலில் உறை ஊற்றாமல் தயிர் கிடைக்குமா? பழைய ஆட்கள் கழுவாத பாத்திரத்தில் மிஞ்சின அழுக்கால் பெரிய கண்டுபிடிப்புச் செய்துவிட்டு, அதற்கு வேறு காரணம் எழுதிவைத்த கதைகள் உண்டு. அடுத்தவன் நன்றாகக் கழுவின பாத்திரத்தில் செய்வான். வராது. அப்போதுதான் அழுக்கின் அருமை தெரியும்.

உன் கேள்வியால்தான் ஷெட்டில் செய்த முதல் பொடியில் மிச்சமிருந்ததை இங்கே மெஷினில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நேற்று தேவிப்பிரியா தாளைக் கொண்டு வந்தாள். அதில் நான் போடாதது இருக்கிறது, கஜபதி. கால்சியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், மணல் சத்து. கொஞ்சம்தான். ஆனால் இருக்கிறது. நான் வாங்கின எந்த உப்பிலும் அது இல்லை. வெளியிலிருந்து விழுந்திருக்கிறது.

இதைக் குழுவிடம் சொன்னால் என்ன சொல்வார்கள்? நானே எதையோ கலந்துவிட்டு மறைத்தேன் என்பார்கள். என்ன கலந்தது, எப்படிக் கலந்தது என்று தெரியாமல் வாய் திறக்க முடியாது.

அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். போன அக்டோபரில் கண் ஆபரேஷனுக்குச் சென்னைக்குப் போய், ஒரு வாரம் கழித்து வந்தேன். வந்த பிறகு செய்ததுதான் முதல் நல்ல பொடி. புது உலை ஓட ஆரம்பித்திருந்தது, புதுக் கிண்ணங்களை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த வாரம் ஷெட்டுக்குள் யாராவது போனார்களா? விஜி பெருக்கினாளா? குரங்கு ஏதாவது ஓட்டைப் பிரித்ததா? என்ன நடந்திருந்தாலும் எழுது. கோபிக்க மாட்டேன்.

உடனே பதில் போடு.

அக்கா


புனே
10 ஜூன் 2025

கஜபதி,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

பொறுக்க முடியாமல் தேவிப்பிரியாவை விட்டு விஜிக்குப் போன் பண்ணச் சொன்னேன். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறீர்களாம். "அவரு தெனமும் கடுதாசி எழுதிகினுதாங்க கீறாரு. எழுதறதும் கிழிக்கறதுமா கீறாரு" என்றாளாம். தேவிப்பிரியா அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

எழுதினால் அனுப்ப வேண்டியதுதானே? நான் கேட்டது சின்னக் கேள்வி. யாராவது உள்ளே போனார்களா, இல்லையா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. வெயிலுக்குப் பதிலாக விளக்கு வைத்துப் பார்க்கிறேன். எதிலும் ஒன்றும் வரவில்லை. குழுக் கூட்டத்தில் இப்போதெல்லாம் என்னை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலை என்றிருக்கிறது.

அக்கா


முருகன் துணை

திருத்தணி
24 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கஜபதி நமஸ்காரம் செய்து எழுதுவது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் சுகம். விஜிக்கு அரக்கோணத்தில் காலில் ஊசி போட்டோம், பரவாயில்லை.

வெயில் குறைந்திருக்கிறது. ஒரு நாள் நல்ல மழை. தோட்டத்து மாமரத்தில் இந்த வருஷம் காய் குறைவு, இருந்ததையும் குரங்கு தின்றது. கனிமொழிக்கு, அதுதான் விஜியின் தங்கை மகளுக்கு, நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை நகரியில் வேலை பார்க்கிறான், நம் ஆட்கள்தான். ஹேமநாதன் இரண்டு முறை வந்தான். நான் வீட்டில் இல்லை என்று விஜியைச் சொல்லச் சொன்னேன்.

உலைக்கு மேலே கூரையில் ஓடு ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. ஆள் வைத்து மாற்ற உன் உத்தரவு வேண்டும்.

போன கிருத்திகைக்கு மலைக்குப் போயிருந்தேன். உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நீ கோபித்துக்கொள்வாய், ஆனாலும் செய்தேன். இத்துடன் ஒரு பொட்டலம் விபூதி வைத்திருக்கிறேன். நீ இட்டுக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். தூக்கிப் போட்டுவிடாதே. நீ வேலை செய்கிற மேசைமேலேயே இருக்கட்டும். எதற்காவது உதவும்.

கையெழுத்து நன்றாக இல்லை. பேனா சரியில்லை.

உன் தம்பி
கஜபதி


புனே
20 ஜூலை 2025

கஜபதிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. விஜியின் கால் தேவலை என்றது மட்டும் சந்தோஷம்.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது கிழிக்கப் போனேன். நான் உயிர் போகிற கேள்வி ஒன்று கேட்டால் நீ மாங்காய்க் கணக்குச் சொல்கிறாய். பொட்டலத்தை இழுப்பறையில் எறிந்துவிட்டேன். பத்து நாள் அங்கேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது உன் வரி ஒன்று நினைவுக்கு வந்தது. மேசைமேலேயே இருக்கட்டும், எதற்காவது உதவும். எனக்கு விபூதி எதற்கு உதவும் என்று நீ நினைத்தாய்?

பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ புறப்பட்ட நாளிலிருந்து உள்ளே கால் வைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேவிப்பிரியாவிடம் போன வருஷம் ஆயுத பூஜை எந்தத் தேதி என்று கேட்டேன். "அக்டோபர் பதினொண்ணு மேடம்" என்றாள். நான் சென்னையில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த வாரம்.

லோகோ ஷெட்டில் சுத்தியலிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் ஒன்று விடாமல் பட்டை போட்ட கை உன்னுடையது. உலையை மட்டும் கும்பிட்டுவிட்டு வர உனக்கு மனசு கேட்டிருக்காது. அலமாரியிலிருந்த கிண்ணங்களுக்கும் ஒவ்வொன்றாக உள்ளே விபூதியைக் குழைத்துப் பூசியிருக்கிறாய். வெள்ளைப் பீங்கானில் வெள்ளை விபூதி. நான் வந்ததோ கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்த நேரம். புதுக் கிண்ணம்தானே என்று கழுவாமல் வண்டலைக் கொட்டினேன். கிண்ணங்கள் தீர்ந்து, கழுவிக் கழுவிப் பயன்படுத்த ஆரம்பித்ததும் பொடி மந்தமானது. மார்கழி ஈரம் என்று நோட்டில் எழுதிவைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

குங்குமத்தின் தடயம் எதிலும் இல்லை. வைத்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன். அது தெரிந்துதானே நீ வைக்காமல் விட்டாய்?

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று எழுத முடியாது. உன்மேல் பாதி. உலகத்திலேயே முதல் முறையாக ஒன்றைச் செய்தேன் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன். நான் செய்தது என்ன என்று எனக்கே தெரியாது. அதுதான் மீதிப் பாதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொட்டலத்தைப் பிரித்துக் கிண்ணத்தில் பூசிச் செய்து பார்த்தேன். வரவில்லை. மெஷினில் கொடுத்தேன். வெறும் சுண்ணாம்புத் தூள், கொஞ்சம் வாசனை. பொட்டாசியம் இல்லை, பாஸ்பரஸ் இல்லை. முதல் பொடியில் இருந்தது இது இல்லை.

ஆகவே நீ செய்தாயா என்று நான் கேட்கவில்லை. அது முடிந்துபோன கேள்வி. எந்த விபூதி என்று கேட்கிறேன். யார் வீட்டுது, எங்கே வாங்கியது? அதற்கு மட்டும் பதில் எழுது. ஆகஸ்ட் கடைசியில் குழு கூடுகிறது. இந்த முறை கிழித்துப் போட்டால் உன் அக்காவின் பெயரையும் சேர்த்துக் கிழிக்கிறாய்.

துர்கா


முருகன் துணை

திருத்தணி
1 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

வணக்கம். நீ கேட்டதற்குப் பதில்.

அது பங்காரு பாவா வீட்டு விபூதி. நம் அத்தை மகன்தான், திருவாலங்காட்டில் மாடு வைத்திருக்கிறாரே. சாணத்தை உருட்டிக் காயவைத்து, நெல் உமியில் மூட்டம் போட்டு, சிவராத்திரிக்கு வீட்டிலேயே சுடுவார்கள். எனக்கு வருஷா வருஷம் ஒரு டப்பா வரும். ஜூனில் உனக்கு அனுப்ப எடுத்தபோது டப்பா காலி. அதனால் மலையடியில் கடையில் வாங்கி வைத்தேன். விபூதி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே திருவாலங்காட்டுக்குப் போனேன். பாவா இல்லை. அவர் பெண்சாதி கௌரியம்மாள் இருந்தது. ஒரு கிலோ வேண்டும் என்றதும் எதற்கு இவ்வளவு என்று கேட்டது. அக்கா கேட்டாள் என்றேன். "துர்காவா? துர்கா விபூதி கேட்டாளா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, பானையோடு கொண்டு வந்து வைத்தது. போன வருஷத்து மிச்சம் தனி, இந்த வருஷத்துது தனி. இரண்டையும் தனித்தனியாகக் கட்டி, மேலே எழுதி, ஸ்பீட் போஸ்டில் போட்டிருக்கிறேன்.

நீ கேட்டது அவ்வளவுதான். இனிமேல் எழுதுவது நீ கேட்காதது.

அந்த உலையில் சூடு அளவுக்கு மேலே ஏறிப் போனால் மணி கத்தும். எனக்குத் தெருவில் நின்றாலே கேட்கும். உனக்குக் கேட்காது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு எழுதிக்கொண்டே இருப்பாய். எத்தனையோ முறை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு முறை நானே ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தேன். நீ கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாய். லோகோ ஷெட்டில் என் கண் முன்னால் ஒரு ஆளுக்குக் கை போயிருக்கிறது. உலை வந்த பிறகு முதல் ஆயுத பூஜை, நீயும் ஊரில் இல்லை. சொன்னால் நீ விடமாட்டாய். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அக்கா. வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

உன் பெயருக்கு ஏதாவது வந்தால் நான் அந்தக் குழுவுக்கே வந்து சொல்கிறேன். இந்தி தெரியாது. வேதாசலத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கஜபதி


புனே
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி கஜபதிக்கு,

நான் நலம். நீயும் விஜியும் நலமாக இருக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் விஜி மலைக்குப் போகவில்லை என்று நம்புகிறேன். போயிருப்பாள்.

இரண்டு கட்டும் வந்து சேர்ந்தன. போன வருஷத்து விபூதியை முதலில் எடுத்தேன். தண்ணீர் விட்டுக் குழைத்து, கிண்ணங்களில் பூசி, காயவைத்து, வண்டலைப் போட்டு உலையில் வைத்தேன். மறுநாள் விளக்கின் கீழே பாட்டில்களை வரிசையாக வைத்தோம். பெரும்பாலானவை சிவப்பாகவே நின்றன. நான் எழுந்து போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் தேவிப்பிரியா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஓரத்தில் இரண்டு பாட்டில் தெளிந்துகொண்டிருந்தன. பின்னால் நின்ற அவள் துப்பட்டாவின் பூ அதன் வழியாகத் தெரிந்தது. நான் அழுதேன். அந்தப் பெண்ணும் அழுதாள். அவளுக்கு எதற்கு அழுகை என்று தெரியவில்லை.

குழுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆயுத பூஜை, தம்பி, விபூதி, கண் ஆபரேஷன், கழுவாத கிண்ணம், எல்லாம். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு கிண்ணத்துக்கு எத்தனை மில்லிகிராம்?"

எனக்குத் தெரியவில்லை, கஜபதி. முப்பது வருஷம் அளந்து அளந்து செய்தவளுக்கு அந்த ஒன்று தெரியவில்லை. கூடினாலும் வரவில்லை, குறைந்தாலும் வரவில்லை. சரியாக வந்த அந்த இரண்டு கிண்ணத்திலும் எவ்வளவு பூசினேன் என்று முன்பே எடை போடவில்லை, அவை வெந்துவிட்டன. மறுபடி பூசிப் பார்க்கிறேன். ஒரு கிண்ணத்தில் கட்டியாக அப்பிக்கொள்கிறது, இன்னொன்றில் ஓடிப்போகிறது. தேவிப்பிரியா பூசினால் வேறு மாதிரி. தினம் பத்துக் கிண்ணம் பாழாகிறது. விபூதி இட்டுப் பழகாத விரல் என்னுடையது, இந்த வயதில் அதற்கு என்ன செய்ய? வாழ்க்கையில் இவ்வளவு எரிச்சல் எனக்கு வந்ததில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதை நவம்பர் வரைக்கும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் அளவைச் சொல்ல வேண்டும். ஹேமநாதன் வந்தால் இனி ஒளியாதே. இன்னும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உண்மையைச் சொல்.

இரண்டு முறை ஸ்விட்சை அணைத்தது நீதானா? கரண்ட்காரர்களைத் திட்டி ஆபீசுக்கு மனு எழுதியிருக்கிறேன். மணிக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி உலையில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். நீ இனி ஜன்னலில் நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்கார். ஆள் வைத்து அந்த ஓடு ஒன்றையும் மாற்றிவிடு.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. அதற்கு இரண்டு நாள் முன்னால் வருகிறேன். புதுக் கிண்ணங்களும் எடை பார்க்கும் மெஷினும் கொண்டு வருகிறேன். லோகோ ஷெட்டில் எப்படிப் பட்டை போடுவாயோ அப்படியே போடு. நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று கூட்டிக் குறைத்துவிடாதே. நீ போடுவதற்கு முன்னால் ஒரு முறை, போட்டுக் காய்ந்த பிறகு ஒரு முறை ஒவ்வொரு கிண்ணத்தையும் எடை போடுவேன். வாய் திறக்க மாட்டேன்.

கிண்ணத்துக்குள்ளே விபூதி மட்டும்தான். உலைக்கு வெளியே, கதவில், இந்த முறை குங்குமமும் வை.

அக்கா
துர்கா